மண்டலக் காப்பு

அந்தப் பட்டைக்குப் பெயர் வைத்தவள் தமயந்திதான். அதை அவள் யாரிடமும் மறுத்ததில்லை.

மேலிடத்திலிருந்து அது வந்து இறங்கியபோது பெட்டியின்மேல் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு பெயர் இருந்தது. வாயில் நுழையாத பெயர். உள்ளே இருந்ததோ மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் மெல்லிய துணிப்பட்டை, ஒரு சாண் அகலம். அதன் இழைகளுக்குள் கடுகளவில் இருநூறு கருவிகள். வியர்வையிலிருந்து உடம்பின் சுரப்புநீர் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டுபிடிக்கும். தோலின் சூட்டை அளக்கும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கேட்கும். கைக்குத் தட்டுப்படுவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே மார்பகப் புற்று எங்கே முளைவிடுகிறது என்று சொல்லிவிடும். நாற்பத்தெட்டு நாள் கட்டியிருந்தால் போதும். கடைசி நாளில் ஓரத்தில் ஒரு பொட்டு விளக்கு எரியும். சிவப்பு என்றால் பரிசோதனை வண்டி வாசலுக்கே வந்து படம் எடுக்கும், தடுப்பு மாத்திரை தரும். பச்சை என்றால் ஐந்து வருடத்துக்கு அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

நல்ல பொருள்தான். ஆனால் கட்டுவதற்கு ஆள் வேண்டுமே. தமயந்தி மாவட்டத்தின் சுகாதாரக் கல்வி அதிகாரி. நூறு பட்டை கொடுத்தால் நாற்பத்தெட்டு நாள் முடிந்து திரும்பி வந்தது பதினொன்று. மிச்சம் பரணில் கிடந்தது, சிலது குழந்தைக்குத் தொட்டில் கயிறாகிவிட்டது. "எந்திரத்தைக் கொண்டுபோய் மாருல கட்டவா" என்று பெண்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் பயமும் கூச்சமும் இருந்தன. மார்பு என்ற சொல்லைக் கூட்டத்தில் சொன்னாலே பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்ளும் ஊர்கள் அவை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தமயந்திக்குப் பளிச்சென்று தோன்றியது. நாற்பத்தெட்டு நாள் என்பது ஒரு மண்டலம் அல்லவா? மறுவாரமே பட்டையை மஞ்சள் நிறத்தில் வரவழைத்தாள். மண்டலக் காப்பு என்று பெயர் வைத்தாள். செவ்வாய் அல்லது வெள்ளி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மூத்த சுமங்கலி ஒருத்தி கையால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு முறையையும் உண்டாக்கினாள். முதல் காப்பை மேலக்கரும்பூர் இசக்கித்தாய்க்குக் கட்டினாள்.

இசக்கித்தாய் அந்த ஊர்த் தன்னார்வத் தொண்டர். முப்பத்தெட்டு வயது, நூற்பாலையில் பதினான்கு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவள், வாய் ஓயாதவள். அவள் காப்போடு நிற்கும் படம் பேருந்துகளின் முதுகில் எல்லாம் போனது. ஊர் ஊராகப் போய் மூவாயிரம் பேருக்காவது அவளே கட்டிவிட்டிருப்பாள். ஒரே வருடத்தில் மாவட்டத்தில் மூன்று லட்சம் பெண்கள் மண்டலம் முடித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குப் பச்சை. பதினோரு மாவட்டங்கள் வந்து பார்த்துவிட்டு, பெயரோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டு போயின. பச்சை இவ்வளவு இருக்கும்போது வண்டிகள் எதற்கு என்று பரிசோதனை வண்டிகளைப் பாதியாகக் குறைத்தார்கள். தமயந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் இசக்கித்தாய் அலுவலகத்துக்கு வந்தாள். வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, மாருல ஒரு கல்லு மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கமும் சின்னதா."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். பச்சை எரிஞ்சுட்டுல்லா, அதனால கொழுப்புக் கட்டியா இருக்கும்னு விட்டுட்டேன். இப்பம் தோலு ஆரஞ்சுப் பழத் தோலு கணக்கா ஆயிட்டு. அதான் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

ஆரஞ்சுத் தோல் என்றால் என்னவென்று இசக்கித்தாய்க்குத் தெரியாமல் இல்லை. கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்வாங்குதல், கசிவு என்று மேடை மேடையாகச் சொன்னவளே அவள்தான். எது வந்தாலும் உடனே காட்டு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் விஷயத்தில் மட்டும் விளக்கை நம்பினாள்.

தமயந்தி அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மார்பையும் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது, புற்று எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கும் என்று மருத்துவர் தனியே அழைத்துச் சொன்னார்.

பட்டைகள் அனுப்பும் விவரங்களைப் பார்த்துக்கொள்பவன் ரெக்ஸ்லின், நாகர்கோவில்காரன், முப்பது வயது. தமயந்தி அவன் அறைக்குப் போய் இசக்கித்தாயின் பதிவைத் திறக்கச் சொன்னாள்.

"ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு தப்பும் மேடம். எந்தச் சோதனையும் அப்படித்தான்" என்றபடி திறந்தான்.

"தப்பட்டும். இவ விவரத்தைப் படி. பதினோரு வயசுல பெரியவளானவ. பதினாலு வருஷம் நைட் ஷிப்ட். ஒரே பிள்ளை, அதுக்கும் மூணு மாசத்துல பால் நின்னுபோச்சு. சித்திக்காரி இதே நோயில செத்தா. இத்தனையும் நாமதானே கேட்டு எழுதினோம். அப்புறம் எப்படிப் பச்சை எரியும்?"

"அதெல்லாம் வாய்ப்பைக் கூட்டுற விஷயங்கள் மேடம். கூட்டும், அவ்வளவுதான். இதெல்லாம் இருக்கிறவங்க எத்தனையோ பேருக்கு வராது. ஒண்ணுமே இல்லாதவங்களுக்கும் வரும். அதனாலதான் கேள்விக்குக் கொஞ்சம் மதிப்பெண், ஒலி கேக்குறதுக்கு நிறைய மதிப்பெண்ணு வச்சிருக்கு. உள்ள ஒண்ணும் கேக்கலைன்னா மத்தது எடுபடாது."

திரையில் நாற்பத்தெட்டு கட்டங்கள் வந்தன. ஒன்பதாம் நாளிலிருந்து பதின்மூன்றுவரை வெறுமை. முப்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்றுவரை மறுபடி வெறுமை.

"கழட்டி வச்சிருக்காங்க" என்றான் ரெக்ஸ்லின். "சார்ஜ் தீர்ந்திருக்குமோ? இருங்க, மத்தவங்களதையும் பாப்போம்." அடுத்த பதிவு, அதற்கடுத்தது, ஆயிரம், பத்தாயிரம். பெரும்பாலானவற்றில் ஓட்டைகள். ஒரு ஓட்டைக்கும் அடுத்ததற்கும் இருபத்தேழு, இருபத்தெட்டு, முப்பது நாள். "கருவியில ஏதோ கோளாறு மேடம். மாசத்துக்கு ஒரு தடவை நின்னுபோகுது."

தமயந்திக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. முப்பது வயது ஆம்பிளைக்கு விளங்காததில் வியப்பில்லை. காப்புக் கட்டியவள் வீட்டுக்குத் தூரமானால் என்ன செய்வாள்? மண்டலம் என்றும் காப்பு என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு, மஞ்சளும் பூசிவிட்டு, அந்த நாட்களில் அதை உடம்பில் வைத்திருப்பாள் என்று எந்தப் புத்திசாலி எதிர்பார்த்தான்? கழற்றிச் சுத்தமான இடத்தில் வைத்திருப்பாள். தலைக்கு ஊற்றிய பிறகு மறுபடி கட்டியிருப்பாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருக்கிறது.

அவள் சொல்லச் சொல்ல ரெக்ஸ்லினின் முகம் மாறியது.

"மேடம், மோசம் போனோம். கருவி அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கும். மாசம் பூரா சுரப்புநீர் ஏறி மார்பு கனத்து இறுகிக் கிடக்கும், உள்ள இருக்கிறது சரியாக் கேக்காது. விலக்கு நாளுலதான் எல்லாம் இறங்கி, வீக்கம் வடிஞ்சு, சதை இளகும். அந்த இறக்கத்தைப் பாத்ததும் கருவி ஒலியனுப்பும். இறக்கமே வரலைன்னா?"

"வரலைன்னா?"

"கேட்டிருக்காது. கேக்கலைன்னா இல்லைன்னு எழுதிரும்."

"மூணு லட்சம் பேருக்குமா?"

"மாதவிலக்கு நின்னவங்களுக்குச் சரியா இருக்கும். கருவி அவங்களை வேற மாதிரி பாக்கும். மத்தவங்களுக்கு..." அவன் முடிக்காமல் வேறொரு பதிவைத் திறந்தான். திறந்ததும் சட்டென்று மூடப் பார்த்தான். தமயந்தி பார்த்துவிட்டாள். அவளுடைய பதிவு. எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டுவரை வெறுமை, முப்பத்தாறிலிருந்து நாற்பதுவரை மறுபடியும்.

யோசித்துப் பார்த்தாள். கழற்றியதாக ஞாபகமே இல்லை. சாமி கும்பிடாதவள் அவள். மேடையில் தீட்டெல்லாம் பொய் என்று முழங்குகிறவள். ஆனால் கழற்றியிருக்கிறாள். அந்த நாளில் கை தானாகப் போய்க் கொக்கியை அவிழ்த்து, பட்டையை மடித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறது. தான் கட்டிய கதையை ஊர் நம்பியதில் பெருமைப்பட்டவள், தானும் நம்பியிருக்கிறோம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

தமயந்தி சுகாதாரத் துறை இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். விஷயத்தை மூடி மறைக்கவில்லை. எல்லாருக்கும் இரண்டாம் மண்டலம் கட்டிவிடுவோம் என்றார்.

"முதல்ல வண்டிகளைத் திரும்ப அனுப்புங்க சார். நாப்பது வயசு தாண்டினவங்களுக்குப் படம் எடுப்போம். கட்டி இருக்குன்னு சொல்றவங்களை விளக்கு நிறம் கேக்காம பாப்போம்" என்றாள் தமயந்தி.

"இருக்கிற வண்டியை வச்சு மூணு லட்சம் பேரைப் பாக்க நாலு வருஷம் ஆகும்மா. ரெண்டாம் மண்டலத்துல விவரம் முழுசா வந்துட்டா வண்டியே வேண்டாம். வரலைன்னா யோசிப்போம். நீ ஒரு நல்ல வாசகம் எழுது."

தமயந்தி எழுதினாள்: மாதவிலக்கு நாட்களிலும் காப்பைக் கழற்றாதீர்கள். அந்த நாட்களில்தான் அது வேலை செய்கிறது.

இயக்குநர் நெளிந்தார். "சுவர்ல எழுதுற வாசகம்மா இது. ஆம்பிளைகளும் படிப்பாங்க. அந்த வார்த்தை வேண்டாமே. நீ எழுதினா பூடகமா, அழகா எழுதுவியே."

ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்றாள். பிறகு தளர்ந்துபோனாள். இப்படித்தான் தளர்ந்தாள் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, உத்தரவு வராமல் பட்டைகள் கிடங்கில் கிடந்தன, அவ்வளவுதான். இரண்டாவதாக ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தாள்: எந்த நாளிலும் காப்பு உடம்பை விட்டு இறங்கக் கூடாது.

"இது போதுமே. எந்த நாளிலும்னா பொம்பளைகளுக்குப் புரியாதா" என்று கையெழுத்துப் போட்டார். ஊர் ஊராகப் போய் நேரில் விளக்கத் தமயந்திக்கு ஆள் கொடுப்பதாகவும் சொன்னார். நான்கு பேர் கொடுத்தார்கள். அறுநூறு கிராமத்துக்கு நான்கு பேர்.

இசக்கித்தாய்க்கு முதுகெலும்பில் வந்துவிட்டது என்று தெரிந்த மாதத்தில்தான் இரண்டாம் மண்டலம் தொடங்கியது. படுக்கையில் இருந்தபடியே அவள் ஊர்ப் பெண்களை வரவழைத்து வாசகத்தைச் சொல்லிக் கட்டிவிட்டாள். அவள் மகள் பூமாரிக்கு இருபத்திரண்டு வயது, அதே நூற்பாலையில் வேலை. தாய்க்கு நாற்பதை ஒட்டி இரண்டு பக்கமும் வந்திருக்கிறது என்றால் மகளை ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இசக்கித்தாய்க்கு அந்த ஒரு கவலைதான். தன்னைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். "பூமாரிக்குப் பச்சை எரியுறதைப் பாத்துட்டேன்னா போதும்க்கா" என்று போகும்போதெல்லாம் சொல்வாள்.

தை மாதம் ரெக்ஸ்லின் போன் செய்தான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைத் தமயந்தி கேட்டதில்லை.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்கு விவரம் முழுசா வந்திருக்கு மேடம். ஒரு ஓட்டை இல்ல. மாசா மாசம் இறக்கம் கிடைச்சிருக்கு, கருவி கேட்டிருக்கு. பச்சையும் தொண்ணூத்தேழு. உங்க வாசகம் ஜெயிச்சிருச்சு. இயக்குநர் மிச்ச வண்டிகளையும் வேற துறைக்குக் கொடுக்க உத்தரவு போட்டுட்டார்."

தமயந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். தப்பு செய்தவளுக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைப்பது சின்ன விஷயமா? மறுநாள் காலையிலேயே மேலக்கரும்பூருக்குப் போனாள்.

இசக்கித்தாய் கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். பாதியாக வற்றியிருந்தாள். நைட்டிக்குள் மார்பு பலகையாய்க் கிடந்தது. ஆனால் முகம் மட்டும் தெளிந்திருந்தது.

"வாங்கக்கா. ஒங்களைத்தான் நெனச்சேன். பூமாரிக்குப் பச்சை. முந்தாநாளு எரிஞ்சுது. ஊரையே கூப்பிட்டுக் காட்டிட்டேன்."

"கேள்விப்பட்டேன் இசக்கி. ஊர்ல யாருமே ஒருநாள்கூடக் கழட்டலையாமே. நீ கட்டின கை அப்படி."

"எப்படிக் கழட்டுவாவ? இறங்கக் கூடாதுன்னு நீங்க எழுதியிருக்கியள்லா. அதுக்குத்தான் மாத்திக் கட்டுனோம்."

தமயந்தி பையைக் கீழே வைத்தாள். "மாத்திக் கட்டுனோம்னா?"

"அந்த அஞ்சு நாளு தூரமான பிள்ளை உடம்புல காப்பு இருக்கலாமா? அதுக்காகக் கழட்டி வெறும் பலகையில வைக்கவும் கூடாது. அதனால வீட்டுல சுத்தமா இருக்கிற உடம்பு எதுவோ அதுல ஏத்திருவோம். தூரம் நின்ன அத்தை, மாமியா, யாரு இருக்காவளோ அவிய. ஒரு வீட்டுல யாருமில்லன்னு வயசுக்கு வராத பிள்ளைக்குக் கட்டுனாவ. காப்பு ஒரு நாளும் இறங்கல. ஒங்க வாக்கைக் காப்பாத்திட்டோம்."

"பூமாரியோடதை யார் கட்டினது?"

இசக்கித்தாய் சிரித்தாள். "நான்தான். வேற யாரை விடுவேன்? மருந்து ஏத்துனதுல இருந்து எனக்குத் தூரமே நின்னுபோச்சே. உள்ளதைச் சொன்னா இப்பம் வீட்டுலயே சுத்தமான உடம்பு என்னுதுதான். எழுந்திரிக்க முடியாட்டியும் பிள்ளைக்கு இது ஒண்ணாவது செஞ்சோமேன்னு இருக்கு. ரெண்டு தடவையும் அஞ்சஞ்சு நாளு நானே கட்டிக் கிடந்தேன்."

தமயந்தி எதிரே கிடந்தவளைப் பார்த்தாள். மருந்தால் சுரப்பெல்லாம் வடிந்துபோன உடம்பு. கருவி அதை மாதாந்தர இறக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். காத்திருந்த நாள் வந்துவிட்டது என்று மார்புக்குள் ஒலியனுப்பிக் கேட்டிருக்கும். அங்கே கேட்பதற்கு மார்பே இல்லை.

"என்னக்கா பேச மாட்டேங்கிய? பச்சை பச்சைதானே?"

"பச்சைதான் இசக்கி."

"அப்ப சரி" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தமயந்தி கொல்லைப்புறம் போய், துணி காயும் கொடிக்கு அப்பால் நின்று ரெக்ஸ்லினைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"பிரிச்சு எடுக்க முடியுமா ரெக்ஸ்லின்? எது யார் உடம்புன்னு?"

"முடியாது மேடம். போன தடவை ஓட்டையா இருந்துச்சு, ஓட்டைன்னாவது தெரிஞ்சுது. இப்ப வேற உடம்பை வச்சு அடைச்சிருக்காங்க. எல்லாமே ஒழுங்கா இருக்கு. இயக்குநர்கிட்ட எதைக் காட்டிச் சொல்வீங்க? விவரம் முழுசா இருக்கேன்னு கேப்பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பூமாரி நின்றுகொண்டிருந்தாள். கையில் பிழிந்த சேலை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

தமயந்தி மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. "உனக்கு எரிஞ்ச பச்சை உன்னுது இல்லம்மா. உனக்கு இருக்குன்னு நான் சொல்லல. இல்லைன்னு யாரும் பாக்கல, அவ்வளவுதான். நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டர் பாக்கட்டும். படம் எடுப்போம், ரத்தத்துல பரம்பரைக் கூறு இருக்கான்னு பாப்போம். இருந்தாலும் செய்யறதுக்கு வழி இருக்கு."

பூமாரி சேலையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"மெதுவாப் பேசுங்க மேடம். அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துரலாம்."

"இந்த ஊர்லயா? நான் பஸ்ஸு ஏறுறதுக்குள்ள கட்டில்கிட்ட வந்து சொல்லிருவாவ. பச்சை எரிஞ்ச பிள்ளை எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவுதுன்னு கேப்பா. தான் கட்டுனதாலதான் தப்பாப் போச்சுன்னு அவளுக்கு ஒரு நிமிசத்துல விளங்கிரும். அவ மூவாயிரம் பேருக்குக் கட்டுனவ."

"டாக்டர் அவளுக்கு எவ்வளவு நாள் சொன்னார்னு உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமும் ஆவலாம், ரெண்டு வருசமும் ஆவலாம்னாரு." பூமாரி இன்னொரு துணியை எடுத்தாள். "எவ்வளவு ஆனாலும் இருக்கட்டும். அம்மா பச்சையைப் பாத்துட்டே போகட்டும் மேடம். அதுக்குப் பொறவு வாறேன்."

தமயந்தி அவள் கையைப் பிடித்தாள். கெஞ்சினாள். அதிகாரியாகவும் கேட்டாள், அக்காளாகவும் கேட்டாள். பூமாரி கையை உருவிக்கொள்ளவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. உள்ளே யாரோ பக்கத்துத் தெருப் பெண் விசாரிக்க வந்திருந்தாள். மகளுக்குப் பச்சை எரிந்ததை இசக்கித்தாய் முதலிலிருந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.